‘ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம்’: அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

போன மாசம் வாடகை வீடா சொந்த வீடா வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒரு மெயில் வந்தது. செஞ்சியில இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பொண்ணு. டைடல் பார்க் பக்கம் ஆபீஸ். கைக்கு வர்ற சம்பளம் மாசம் 52,000. பெயர் வேண்டாம்னு சொன்னாங்க, போடல.

அவங்க முன்னாடி ரெண்டு கேள்வி. ஒண்ணு, மந்தைவெளியில ரயில் ஸ்டேஷன் பக்கத்துல தோழியோட சேர்ந்து வீடு எடுத்தா தன் பங்கு 14,000. மேடவாக்கத்துல அதே மாதிரி வீட்டுக்குப் பங்கு 9,500 தான். எதுக்குப் போறது? ரெண்டாவது கேள்வி அப்பாவோடது. அகரம்தென் பக்கம் கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு அபார்ட்மென்ட் நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பி, “வாடகையா கொட்டுறதுக்கு இதை புக் பண்ணும்மா, பக்கத்துலயே லைட் ரயில் ஸ்டேஷன் வருதாம்”னு சொல்லியிருக்கார்.

ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி தெரியும். ஆனா ரெண்டுலயும் விலை பேசப்படுற பொருள் ஒண்ணுதான், ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷன் இருக்கு. இன்னொரு ஸ்டேஷன் நோட்டீஸ்ல இருக்கு.

முதல்ல இருக்கிற ஸ்டேஷனைப் பார்ப்போம்.

சென்னையில பறக்கும் ரயில் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. 1995 நவம்பர்ல கடற்கரை – சேப்பாக்கம் இடையே முதல் ரயில் ஓடுச்சு. 1997-ல் திருமயிலை வரைக்கும் வந்தது. அப்புறம் அங்கேயே நின்னுடுச்சு. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாவே தூண் எழுப்பி, திருவான்மியூருக்கு ரயில் வந்தது 2004 ஜனவரி 26. வேளச்சேரி 2007 நவம்பர். அதாவது மயிலாப்பூர்ல இருந்து வேளச்சேரி வரைக்கும் உள்ள சுமார் 10 கிலோமீட்டரைக் கடக்க இந்த ரயிலுக்குப் பத்து வருஷம் ஆயிருக்கு. சைக்கிள்ல போயிருந்தா ஒரு மணி நேரம். இந்தப் பத்து வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இன்னொரு விஷயம். டைடல் பார்க் திறந்தது 2000-ல். அதுக்கு நாலு வருஷம் கழிச்சுத்தான் திருவான்மியூர் ஸ்டேஷன் வந்தது. வேலை முதல்ல வந்தது, ரயில் பின்னாடி வந்தது. நம்ம ஊர்ல பெரும்பாலும் இதுதான் வரிசை. ரியல் எஸ்டேட் நோட்டீஸ்ல மட்டும்தான் ரயில் முதல்ல வரும்.

திருவான்மியூர் ஸ்டேஷனைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது ஸ்டேஷன் மாதிரி இருக்காது. பாதியில விட்ட ஷாப்பிங் மால் மாதிரி இருக்கும். இந்த வழித்தடத்துல பல ஸ்டேஷன் அப்படித்தான். மேலே கடைகள், ஆபீஸ் எல்லாம் வரும், வாடகை வரும்னு கணக்குப் போட்டுத் தேவைக்கு மேல பெருசா கட்டினாங்க. நிறைய இடம் வருஷக்கணக்கா காலியாவே கிடந்தது. அந்தக் காலி இடத்துக்கும் நம்ம கணக்குல ஒரு வேலை இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு அந்தப் படிக்கட்டுல தனியா இறங்கிப் பார்த்தா புரியும்.

சரி, பேனா எடுங்க. மந்தைவெளியில ஏறி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் தாண்டி அஞ்சாவது ஸ்டேஷன் திருவான்மியூர். டிக்கெட் 5 ரூபாய். போக வர 10. மாசம் 22 நாள்னா 220 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தா இன்னும் குறையும். மழை நாள், லேட்டான நாள் ஆட்டோவுக்கு 500 ரூபாய் தனியா வச்சுக்கலாம். ஆக வாடகை 14,000 + 720 = 14,720.

மேடவாக்கம்? அங்கிருந்து ஒரு வழி 12 கிலோமீட்டர்னு வைப்போம். இவங்ககிட்ட வண்டி இல்ல, வாங்கணும். ஸ்கூட்டர் இஎம்ஐ 3,400, மூணு வருஷத்துக்கு. பெட்ரோல்: 24 × 22 = 528 கி.மீ., லிட்டருக்கு 45 கிடைச்சா 12 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 1,200 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாத்தையும் மாசத்துக்குப் பிரிச்சா 700. மொத்தம் 5,300. வாடகை 9,500 சேர்த்தா 14,800.

14,720-க்கும் 14,800-க்கும் வித்தியாசம் 80 ரூபாய். ‘மேடவாக்கத்துல மாசம் 4,500 மிச்சம்’னு மெயில்ல எழுதியிருந்தாங்க. அந்த 4,500-ஐ ஷோரூமும் பெட்ரோல் பங்கும் பிரிச்சு எடுத்துக்கும். வாடகை ஒரே நாள்ல ஒரே தொகையா போறதால வலிக்குது. வண்டிச் செலவு முந்நூறு, ஐந்நூறுன்னு துண்டு துண்டா போறதால தெரியறதில்ல. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா இங்கேயே நிறுத்திட்டா நான் உங்களுக்குப் பாதிக் கணக்கு சொன்ன மாதிரி ஆயிடும். இஎம்ஐ மூணு வருஷத்துல முடியுது. நாலாவது வருஷம் மேடவாக்கம் கணக்கு 11,400-க்கு இறங்கிடும். அப்போ மந்தைவெளி 3,300 ரூபாய் அதிகம். உங்ககிட்ட ஏற்கெனவே ஓடுற வண்டி இருந்தா இன்னைக்கே அந்த நிலைமைதான். வண்டி ஞாயித்துக்கிழமையும் உதவும், சீசன் டிக்கெட் உதவாது. ஆபீஸ் இடம் மாறி, ஓஎம்ஆர்ல சோழிங்கநல்லூர், சிறுசேரின்னு போயிட்டா திருவான்மியூர் ஸ்டேஷன்ல இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கணும், கணக்கு மொத்தமா உடைஞ்சிடும்.

நேரத்தையும் போடணும். வீட்ல இருந்து மந்தைவெளி ஸ்டேஷனுக்கு நடை 8 நிமிஷம், ரயிலுக்குக் காத்திருப்பு 10, பயணம் 12, இறங்கி ஆபீஸுக்கு நடை 7. சுமார் 37 நிமிஷம். மேடவாக்கத்துல இருந்து காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரி வழியா வண்டி ஓட்டினவங்களுக்கு எவ்வளவு ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா ‘5 நிமிஷம்’, ‘8 நிமிஷம்’ எல்லாம் வீட்டு ஓனரோ புரோக்கரோ சொன்ன கணக்கா இருக்கக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நடந்து பாருங்க. காலை ஒன்பதுக்கு ஒரு தடவை, ராத்திரி உங்க ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு ஒரு தடவை. தெரு விளக்கு எரியுதா, ஸ்டேஷன் படிக்கட்டுல ஆள் நடமாட்டம் இருக்கா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, பாருங்க. ராத்திரி நேரம் உங்களுக்குச் சரிப்படாதுன்னா அந்த ஸ்டேஷனோட மதிப்புல பாதியை வெட்டிடுங்க. ஏன்னா திரும்பி வர தினமும் கேப் புக் பண்ணப் போறீங்க. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம்னா மழைக்காலத்துல அந்தத் தெரு எப்படி இருக்கும்னு பக்கத்து வீட்ல கேளுங்க. 2015-லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அங்க என்ன ஆச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். ரயில் தூண் மேல ஓடும், நீங்க தரையிலதான் நடந்து போகணும்.

இன்னொரு தப்பைச் சொல்லணும், நிறையப் பேர் பண்றாங்க. “வாடகை அதிகமானா என்ன சார், எச்ஆர்ஏல கழிச்சுக்கலாமே?” கழிக்கலாம், பழைய வரி முறையில இருந்தா. புதிய முறையில எச்ஆர்ஏ விலக்கு கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய முறையில சம்பளம் 12,75,000 வரைக்கும் வரியே வராது. இந்தப் பொண்ணோட சம்பளத்துக்கு அதுதான் சரியான முறையும்கூட. வரியே இல்லாத இடத்துல எதை எதுல கழிப்பீங்க? வாடகை ரசீதை வாங்கி வச்சுக்கோங்க, நல்லதுதான். ஆனா ‘வரி மிச்சமாகும்’னு நினைச்சுக்கிட்டு 2,000 ரூபாய் அதிகமான வீட்டுக்குப் போகாதீங்க.

ஓடுற ரயிலும் நிக்கும்

இருக்கிற ஸ்டேஷன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமான்னா, அதுவும் இல்ல. 2023 ஆகஸ்ட் 27-ல் இருந்து கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல பறக்கும் ரயிலை நிறுத்தினாங்க. எழும்பூர் – கடற்கரை நாலாவது பாதை வேலைக்காக. ஏழு மாசம்னு சொன்னாங்க. திரும்ப ஓடினது 2024 அக்டோபர் 29. பதினாலு மாசம்! பாரிமுனை பக்கம் ஆபீஸ்னு சொல்லி வேளச்சேரியில ரயிலை நம்பி வீடு எடுத்தவங்க, அந்தப் பதினாலு மாசமும் சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி மிச்ச தூரத்துக்கு வேற வண்டி தேடணும்.

இதுல ஒரு பாடம் வாடகைதாரருக்குச் சாதகமானது. உங்க ஒப்பந்தம் 11 மாசம். ரயில் நின்னா, ஆபீஸ் மாறினா, நோட்டீஸ் கொடுத்துட்டு நடையைக் கட்டலாம். ஸ்டேஷனுக்காக நீங்க கொடுக்கிற கூடுதல் காசை மாசா மாசம் கொடுக்கறீங்க, பிடிக்கலைன்னா அடுத்த மாசம் நிறுத்திடலாம். வீடு வாங்குறவர் அப்படி இல்ல. 20 வருஷத்துக்கான கூடுதலை முதல் நாளே மொத்தமா கொடுத்துடறார், அதுவும் கடன் வாங்கி. அதனால வாடகைக்குப் போகும்போது ஸ்டேஷன் மேல கொஞ்சம் தாராளமா இருங்க. வாங்கும்போது கஞ்சனா இருங்க.

இப்ப அப்பாவோட நோட்டீஸ்

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவுல ‘மெட்ரோலைட்’ங்கிற லைட் ரயில் திட்டம், 15 கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பல வருஷமா பேச்சுல இருக்கு. நான் பேச்சுன்னுதான் சொல்றேன். அதுக்குன்னு ஒரு தூணும் எழும்பிப் பார்க்கல. மேடவாக்கம் வழியா போற மெட்ரோ ரெண்டாம் கட்டத்தோட மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் வேற கதை. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் திட்டம், 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கிடைச்சாச்சு, வேலை நடக்குது. நோட்டீஸ்ல ரெண்டையும் ஒரே கலர்ல கோடு போட்டுக் காட்டுவாங்க. நீங்கதான் பிரிச்சுப் பார்க்கணும். இது ஓடுதா, கட்டுறாங்களா, பேசுறாங்களா?

பேசுறதை விடுங்க, கட்ட ஆரம்பிச்சதே எப்போ முடியும்னு பார்க்க நம்ம பறக்கும் ரயிலையே எடுத்துக்கலாம். வேளச்சேரியில இருந்து பரங்கிமலை வரைக்கும் நீட்டிப்பு. தூரம் வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் வேலை ஆரம்பிச்சது. பெரும்பகுதி தூண்கள் எழும்பிடுச்சு. ஆதம்பாக்கம் பக்கம் ஒரு 500 மீட்டருக்கு நிலம் எடுக்கறதுல வழக்கு வந்தது. மத்ததெல்லாம் தயாரா நிக்க, அந்த அரை கிலோமீட்டருக்காக வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. 2025 பிறந்தபோதும் அந்தத் தூண்கள் மேல பயணிகளை ஏத்திக்கிட்டு ரயில் ஓடல.

இதைக் கடன் கணக்குல மாத்திப் பாருங்க. 2010-ல் ஆதம்பாக்கத்துல ‘ஸ்டேஷன் எதிர்லயே’ன்னு நம்பி 15 வருஷக் கடன்ல வீடு வாங்கினவர், 2025-ல் கடைசி இஎம்ஐ கட்டியிருப்பார். ரயிலுக்குக் கொடுத்த காசைக் கடைசி பைசா வரைக்கும் கட்டி முடிச்சாச்சு. ரயில்ல ஒரு நாள்கூட ஏறல.

“அங்க விலை ஏறத்தானே சார் செஞ்சது?”ன்னு கேட்பீங்க. ஏறுச்சு. ஆனா சென்னை தெற்குல அந்தக் காலத்துல ரயில் வராத இடத்துலயும் ஏறுச்சு. ரயிலுக்குன்னு தனியா கொடுத்த கூடுதல் திரும்பி வந்ததாங்கிறதுதான் கேள்வி.

இந்த நோட்டீஸ்ல அந்தக் கூடுதல் எவ்வளவு? அவங்களையே விசாரிக்கச் சொன்னேன். அதே அளவு, அதே மாதிரி கட்டுமானம், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, ‘ஸ்டேஷன்’ங்கிற வார்த்தை இல்லாத ஒரு வீடு. இது 48 லட்சம், அது 45 லட்சம். ஆக அந்த வார்த்தைக்கு விலை 3 லட்சம். 8 சதவீத வட்டியில 20 வருஷக் கடன்னா அந்த 3 லட்சத்துக்கு மட்டும் மாசம் சுமார் 2,510 ரூபாய். 240 மாசத்துல 6 லட்சத்தைத் தாண்டும். இதுதவிர, கட்டி முடிக்காத வீடுன்னா 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதுவும் அந்த 3 லட்சம் சேர்ந்த விலைக்குத்தான். கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கின வீடா இருந்தா ஜிஎஸ்டி இல்ல.

அப்பா சொன்ன இன்னொரு காரணம் ‘வீட்டுக் கடனுக்கு வரிச்சலுகை’. நாம குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குப் புதிய முறையில கழிவே கிடையாது. பழைய முறையிலயும் வீடு கட்டி முடியற வரைக்கும் கழிக்க முடியாது. முடிஞ்ச வருஷத்துல இருந்து, முன்னாடி கட்டின வட்டியை அஞ்சு சம தவணையாப் பிரிச்சு, அந்த வருஷ வட்டியோட சேர்த்து மொத்தம் 2 லட்சம் வரம்புக்குள்ளதான் கழிக்கலாம். வரியே இல்லாதவங்களுக்கு இந்த வாக்கியம் முழுக்கத் தேவையில்லை, ஆனா அப்பாக்களுக்குத் தேவைப்படும்.

அப்புறம், விற்பனை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. நீச்சல் குளம் இருக்கும், லிஃப்ட் பிராண்டு பெயர்கூட இருக்கலாம். வீடு தாமதமானா ரேராவுல புகார் கொடுக்கலாம். ஸ்டேஷன் அந்த ஒப்பந்தத்துல எங்கேயாவது இருக்கான்னு தேடுங்க. அரசாங்கம் போட வேண்டிய ரயில் தாமதமானா பில்டர்கிட்ட போய் என்ன கேட்பீங்க?

இதை நான் புத்தகத்துல படிச்சுட்டுச் சொல்லல. எனக்குச் சொந்த ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல. திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புது ரயில் பாதை, சுமார் 70 கிலோமீட்டர், 2006-07 ரயில்வே பட்ஜெட்ல அறிவிச்சாங்க. எங்க பக்கம் கொண்டாட்டம்தான். வயல்ல கல் நட்டு, கலர் கொடி கட்டி மனை போட்டாங்க. ‘ரயில் நிலையம் அருகில்’. எங்க சித்தப்பா 2009-ல் ஒண்ணரை லட்சம் கொடுத்து ஒரு மனை வாங்கினார். வித்தவங்க பெயர் இப்ப எதுக்கு. அவங்களும் பட்ஜெட்டை நம்பித்தான் வித்திருப்பாங்க.

செஞ்சிக்கு இன்னும் ரயில் வரல. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சித்தப்பா, “நாலு லட்சத்துக்குக் கேக்கறாங்கப்பா”ன்னு பெருமையா சொன்னார். நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. 7 சதவீதத்துல டெபாசிட்ல போட்டிருந்தாலே 16 வருஷத்துல 4,40,000 தாண்டியிருக்கும். சொல்லல. கேக்கறாங்கன்னாரே தவிர, காசோட யாரும் வரல. இப்ப 2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தாச்சு, இனிமே பாருங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கார்.

மெயில் அனுப்பின பொண்ணு மந்தைவெளி வீட்டை எடுத்துட்டாங்க, 11 மாச ஒப்பந்தம். ஷிஃப்ட் சாயங்காலம் ஏழுக்கு முடியுதுங்கிறதால அது சரியா வந்தது. வண்டி இஎம்ஐக்குப் போயிருக்க வேண்டிய 3,400-ஐ மாசா மாசம் ஆர்டியில போடலாமான்னு கேட்டாங்க. மந்தைவெளியில அந்தக் காசு வாடகையாத்தான் போகுது, தனியா மிச்சம் இல்லம்மான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. சம்பளத்துல இருந்து வேற 5,000-ஐ ஒதுக்கச் சொல்லியிருக்கேன்.

அப்பாகிட்ட நானே போன்ல பேசினேன். 3 லட்சம், 6 லட்சம் எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார். நோட்டீஸை மறுபடி எடுத்து, ரயில் படத்துக்குக் கீழே பொடி எழுத்துல என்ன இருக்குன்னு படிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து படிச்சார்: “படம் கலைஞரின் கற்பனை.” கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அப்புறம் கேட்டார்: “சரிங்க சார், அதை விடுங்க. நீங்க நம்ம பக்கம்தானே, செஞ்சி லைன் வந்துடும்ல? இங்க ஒரு மனை சொல்றாங்க.”